ஊற்றும் ஊத்தையும்: ஊத்தங்கரை வட்டாரப் பற்கறையும் அதனை அறிந்த வரலாறும்

1. முன்னுரை

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தென்கிழக்குப் பகுதியில் அமைந்த ஊத்தங்கரை தமிழாராய்ச்சி உலகிற்குப் புதிய பெயரன்று. அதியமான் மரபினர் ஆண்ட தகடூரை மேற்கிலும், நடுகற்கள் மலிந்த செங்கத்தைக் கிழக்கிலும் கொண்டு கிடப்பது அவ்வூர். தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை செங்கம் நடுகற்களை 1972-இல் தொகுத்து வெளியிட்டது முதல், இப்பகுதியின் கற்களை மாணவர் பலர் தேடிச் சென்று படித்து வருகின்றனர். கல்லிற் பொறித்த எழுத்து, அக்கல் நடப்பட்ட காலத்தையும் நட்டோர் நிலையையும் உரைக்கும். படிக்க அறியாதார்க்கு அது வெறும் கீறலாகவே தோன்றும்.

அவ்வாறு படித்தறிய வேண்டிய மற்றோர் எழுத்து இவ்வட்டார மக்கள் சிலரின் பல்லிலும் காணப்படுகின்றது. முன்பற்களின் குறுக்கே ஓடும் சுண்ணாம்பு நிற வரிகளாகவும், பழுப்புக் கறையாகவும், கடுமை மிக்கவிடத்துச் சிறு குழிகளாகவும் அது தோன்றும். மருத்துவ நூலார் இதனைப் பற்புளோரோசிஸ் என்பர். குடிநீரில் அளவிறந்து கரைந்துள்ள புளோரைடு என்னும் பொருளே இதற்குக் காரணம். தமிழ்நாட்டில் இந்நோய் மிக்க நிலப்பகுதிகளுள் பழைய தருமபுரி மாவட்டம் தலையாயது. ஊத்தங்கரை அம்மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, 2004-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் அமைந்தபொழுது அதனுட்பட்டது.

தமிழாய்வு இதழில் மருத்துவப் பொருளுக்கு இடம் யாது என வினவுவாரும் உளராவர். இந்நோய் அறியப்பட்ட வரலாறு, ஒரு கறைக்கு உலகம் இட்ட பெயர் பொருந்தாது எனக் கண்டு, அதன் உண்மைப் பொருளைத் தேடி அடைந்த வரலாறாகும். பெயர் பிழைபடின் பழியும் பிழையான இடத்தையே சென்று சேரும். இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

2. பல்லைக் குறித்த வழக்குகள்

எழுத்துக்களின் பிறப்பைக் கூறப் புகுந்த தொல்காப்பியர் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் எட்டனுள் பல்லையும் வைத்து எண்ணினார். இலக்கியம் செய்த புலவரோ பல்லுக்கு முத்தையும் முல்லையரும்பையும் உவமை கூறுதலை நெடிய மரபாகப் போற்றினர். இவ்வுவமைகளால் வெண்மையே பல்லின் இயல்பு என்னும் கருத்து நிலைபெற்றது.

வெண்மை போற்றப்பட்டமையின் வெண்மையின்மை இழிவாயிற்று. பற்காவி, ஊத்தைப்பல், ஊத்தைவாய் என்னும் வழக்குகளை நோக்குக. முதலது வெற்றிலை பாக்கு மென்றதனால் ஏறிய நிறத்தைச் சுட்டும். ஏனைய இரண்டும் துலக்காமையாற் படிந்த அழுக்கைச் சுட்டும். இவை மூன்றும், கறைக்குக் காரணம் பல்லுடையான் செய்த செயல் அல்லது செய்யாதொழிந்த செயல் எனக் கொள்கின்றன. ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி தரும் என்னும் பழமொழியும் இக்கருத்தின்மேல் எழுந்ததே. அப்பழமொழி தன்னளவில் உண்மையுடையது. ஆயினும் துலக்கியவன் பல் தூயது என்பதனால், தூயதாய்த் தோன்றாத பல்லெல்லாம் துலக்காத பல் என முடிவு செய்தல் அளவை நூலாற் பொருந்தாது.

பொருந்தாத அம்முடிவு நடைமுறையில் விளைத்த தீங்கு சிறிதன்று. கறைபட்ட பல்லுடைய சிறுவன் சோம்பன் எனக் கடியப்படுவான். அவனைப் பெற்றோர் செங்கற்பொடியும் கரியும் சாம்பலும் கொண்டு மேலும் மேலும் தேய்க்கச் செய்வர். கறை பல்லின் மேற்படிந்தது அன்றாகலின் அது நீங்காது, பல்லே தேயும். பெண் பார்க்கும் வழக்கமுடைய நம் சமுதாயத்தில் பெண்மக்கள் வாய் திறந்து நகவும் அஞ்சி, முன்றானையால் இதழ் மறைத்துப் பேசும் நிலையும் இதனால் உண்டாகின்றது.

இனி, ஊர்ப்பெயரை நோக்குவோம். ஆற்றங்கரை என்பது பேச்சு வழக்கில் ஆத்தங்கரை ஆதலும், காற்று காத்து ஆதலும், நாற்று நாத்து ஆதலும் யாவரும் அறிந்தவை. அந்நெறியே ஊற்று என்பது அம் சாரியை பெற்று ஊற்றங்கரை ஆகி, அது ஊத்தங்கரை எனத் திரிந்ததாகக் கருத இடமுண்டு. அழுக்கைக் குறிக்கும் ஊத்தை என்னும் சொல்லுக்கும் இவ்வூர்ப் பெயருக்கும் ஒலியொப்புமை உண்டேனும் உறவு கோடல் ஒல்லாது. ஊத்தை என்பது கரை என்பதனோடு புணரின் ஊத்தைக்கரை என நிற்குமன்றி அம் சாரியை பெறாது. எனவே இப்பெயர் நீரைச் சுட்டுவது; அழுக்கைச் சுட்டுவதன்று.

ஒலியால் ஒத்துப் பொருளால் வேறுபட்ட இவ்விரு சொற்களும் இவ்வட்டாரப் பற்கறையின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவனவாக அமைந்துள்ளன. ஊத்தையால் வந்தது என நெடுங்காலம் எண்ணப்பட்ட கறை, ஊற்றால் வந்தது என அறியப்பட்டமையே அவ்வரலாறு. அவ்வறிவு எங்கே தோன்றி எவ்வாறு தமிழகத்தை அடைந்தது என்பதனை இனிக் காண்போம்.

3. ஊர்ப்பெயரால் வழங்கிய கறைகள்

காரணம் அறியப்படா முன்னர் இந்நோய் ஊர்ப்பெயரால் வழங்கிற்று. இத்தாலி நாட்டு நேப்பிள்சு நகரிலிருந்து அமெரிக்கா செல்லும் குடியேறிகளைச் சோதித்த ஈகர் என்னும் அமெரிக்க மருத்துவர், அப்பகுதி மக்களின் கறைபட்ட பற்கள் 'கியாயே பற்கள்' எனப் பெயர் பெற்றிருந்தமையை 1901-இல் எழுதினார். அதே ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரிற் பல் மருத்துவத் தொழிலை மேற்கொண்ட பிரெடரிக் மெக்கே, அங்குப் பிறந்து வளர்ந்தார் பலர்க்கும் பழுப்புக் கறை இருத்தலைக் கண்டு வியப்புற்றார். அது 'கொலராடோப் பழுப்புக் கறை' எனப்பட்டது. பல் மருத்துவத்திற் புகழ்மிக்க ஜி. வி. பிளாக் 1909-இல் அந்நகர்க்கு வந்து, 1915-இல் தாம் மறையும் வரை அவருடன் இணைந்து ஆராய்ந்தார்.

அவ்விருவரும் கண்ட உண்மைகளுள் இரண்டு சிறப்பாக நினைக்கத் தக்கன. ஒன்று, நிலைப்பற்கள் உருவாகி முடிந்த பின்னர் அவ்வூர்க்குக் குடிவந்தார்க்குக் கறை தோன்றவில்லை. மற்றொன்று, கறையுற்ற பற்கள் சொத்தைக்கு எளிதில் இடங்கொடுக்கவில்லை. முதல் உண்மை, கறை வெளியிலிருந்து படிவதன்று, பல் உருவாகும் பொழுதே உட்புகுவது எனக் காட்டிற்று. துலக்குதலும் துலக்காமையும் இதனுள் இடம்பெறாமை வெளிப்படை.

ஐடகோ மாநிலத்து ஓக்லி என்னும் சிற்றூரில் நிகழ்ந்தது இன்னும் தெளிவானது. ஐந்து மைல் தொலைவிலிருந்த வெந்நீர் ஊற்றொன்றிலிருந்து குழாய் வழியே நீர் கொணர்ந்த பின்னரே தம் மக்கள் பற்கள் கறைப்பட்டன என அவ்வூர்ப் பெற்றோர் 1923-இல் மெக்கேயிடம் கூறினர். அவர் நீரைச் சோதித்தும் ஐயுறத்தக்கது எதனையும் காணவில்லை. எனினும் அவ்வூற்றைக் கைவிட்டு வேறோர் ஊற்றின் நீரைக் கொள்க என அறிவுறுத்தினார். ஊரார் அவ்வாறே செய்தனர். சில ஆண்டுகளில் இளஞ்சிறார்க்குக் கறையற்ற நிலைப்பற்கள் முளைத்தன. காரணப் பொருள் இன்னதென அறியாத நிலையிலும், பல்லைப் படித்தே ஊற்றின் குற்றத்தை உணர்ந்தனர் என்பது இந்நிகழ்ச்சியாற் போதரும்.

காரணப் பொருள் 1931-இல் வெளிப்பட்டது. ஆர்க்கன்சா மாநிலத்தில் அலுமினியத் தொழிலைச் சார்ந்து எழுந்த பாக்சைட் என்னும் ஊரின் நீரை, அத்தொழில் நிறுவனத்தின் வேதியியல் அறிஞர் சர்ச்சில் நிறமாலை முறையாற் சோதித்து, அதில் மிகுதியான புளோரைடு இருத்தலைக் கண்டார். அதே ஆண்டில் அரிசோனாவில் ஸ்மித் இணையரும் அவருடன் பணியாற்றிய இலாண்ட்சும், மொராக்கோவில் வெலுவும் தனித்தனியே அம்முடிவையே அடைந்தனர். ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூவிடத்து ஆய்வுகள் ஒரே ஆண்டில் ஒரே முடிவை அடைந்தமையின், ஊர்ப்பெயர்கள் பலவும் ஒழிந்து நோய்க்குக் காரணப்பெயர் நிலைத்தது.

4. சென்னை மாகாணத்தில் நோய் அறியப்பட்டமை

இக்கண்டுபிடிப்பு நிகழ்ந்த ஆறாண்டுகளுக்குள் சென்னை மாகாணத்தில் இந்நோய் அறியப்பட்டது. அக்காலத்து நெல்லூர் மாவட்டத்தின் சில பகுதிகளில் முதியோர் பலர் முதுகு விறைத்துக் குனியவும் நிமிரவும் இயலாது வருந்தினர். அவர்களைப் பற்றிய ஆய்வு 1937-இல் வெளிவந்தது. கிண்டியில் 1899-இல் நிறுவப்பட்ட கிங் நோய்த்தடுப்பு நிலையத்தைச் சார்ந்த ஷார்ட், பண்டித், இராகவாச்சாரி ஆகியோர் நெல்லூர் மாவட்ட நோயைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினர். ஷார்ட், மெக்ராபர்ட், பார்னார்டு, மன்னாடி நாயர் என்னும் நால்வர் சென்னை மாகாணத்தில் நிலவும் புளோரோசிஸ் குறித்து மற்றொன்று எழுதினர்.

இப்பெயர்கள் இந்திய மருத்துவ வரலாற்றிற் பின்னரும் விளங்கியவை. மலேரியாக் கிருமி குருதியை அடையுமுன் ஈரலில் வளர்தலை 1948-இல் கார்னமுடன் இணைந்து கண்டவர் ஷார்ட். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் இயக்குநர் ஆனவர் சி. ஜி. பண்டித். சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1934 முதல் இயங்கிய எக்ஸ் கதிர் நிலையம் பார்னார்டின் பெயரைத் தாங்கியது.

இவ்வாய்வின் சிறப்பு, வெவ்வேறு சான்றுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தமையாகும். முதியோர் எலும்பை எக்ஸ் கதிர் காட்டிற்று. முதுகெலும்பு அடர்ந்து சுண்ணம் பூசியது போல் வெளுத்திருந்தது. தசைநார்களும் சவ்வுகளும் எலும்பாக இறுகியிருந்தன. சிறுவர் வாயைக் கண் காட்டிற்று. அங்கே பற்கறை இருந்தது. கிணற்று நீரை வேதியியற் சோதனை காட்டிற்று. அதில் புளோரைடு இருந்தது. இம்மூன்றும் ஒரு காரணத்தின் மூன்று வெளிப்பாடுகள் எனத் துணிதற்கு ஒப்பீட்டறிவு வேண்டும். ஒரு பாட்டின் பாடவேறுபாடுகளைப் பல சுவடிகளில் ஒப்பிட்டு மூலபாடம் துணியும் பதிப்பாசிரியர் முறையை ஒத்தது இது எனலாம்.

பெயர் பெற்ற இம்மருத்துவர்களின் ஆய்விலும் பற்கறையே நோயின் முதற்குறி என்பது கருதத்தக்கது. எலும்பு இறுகப் பல ஆண்டுகள் ஆகும். இறுகிய பின்னர் அதனை மீட்டல் அரிது. பல்லோ ஆறு, ஏழு அகவையிலேயே அச்செய்தியை வெளியிட்டுவிடும். சிறுவர் பல்லைப் படித்திருந்தால் அவ்வூர் முதியோர் முதுகைப் பற்றி முன்னறிந்திருக்கலாம். பற்கறையை அழுக்கெனக் கடிந்து ஒதுக்கிய ஒவ்வொரு முறையும், ஊர் முழுமைக்கும் வந்த எச்சரிக்கை ஒன்று படிக்கப்படாது போயிற்று என்க.

கிங் நிலையத்தார் 1940-இல் தம் ஆய்வை விரித்தனர். பண்டிதும் உடனாய்வாளரும் சிறுவர் பற்கறைக்கும் முதியோர் எலும்பு நோய்க்கும் துணைக்காரணங்களை ஆராய்ந்து, உணவுக்குறைவும் நோயைக் கடுமையாக்கும் என்னும் கருத்தை முன்வைத்தனர். இராகவாச்சாரியும் வேங்கடரமணனும் குடிநீரிற் புளோரைடு காணப்படுதலையும் அதனை நீக்கும் வழியையும் அதே ஆண்டில் எழுதினர். பின்னர் நல்கொண்டா மாவட்ட நோய் குறித்துச் சித்திகி 1955-இல் எழுதிய கட்டுரையும் புகழ் பெற்றது. படிக்காரமும் சுண்ணாம்பும் இட்டுப் புளோரைடை நீக்கும் முறையை நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழற் பொறியியல் ஆய்வு நிறுவனம் 1970-களில் வகுத்தபொழுது, அம்மாவட்டப் பெயரே அம்முறைக்கும் பெயராயிற்று.

5. பல்லைப் படிக்கும் நெறி

கல்வெட்டைப் படிப்பார்க்கு எழுத்தின் வடிவம் காலத்தைக் காட்டுவது போலப் பல்லைப் படிப்பார்க்கும் நெறி உண்டு. அந்நெறியை அறிதற்குக் கறை உண்டாகும் முறையை அறிதல் வேண்டும்.

பல்லின் மேலுறையாகிய எனாமல், முதலில் புரதம் கலந்த மென்பொருளாகத் தோன்றும். பின்னர்ப் புரதம் நீங்கி, அவ்விடத்தைக் கனிமம் நிரப்ப, உடம்பின் மிகக் கடினமான பொருளாக முதிரும். இம்முதிர்ச்சியின்போது புளோரைடு மிகுமாயின் புரதம் நீங்குதல் தாழ்க்கும். எனவே எனாமலின் உட்பகுதி நுண்துளைகள் நிறைந்ததாய் நின்றுவிடும். அத்துளைகளால் ஒளி சிதறுதலின் பல் சுண்ணாம்பு போல் வெளுத்துத் தோன்றும். பழுப்பு நிறமோ பல் முளைக்கும்பொழுது இருப்பதன்று. முளைத்த பின்னர் உணவுப் பொருள்களிலுள்ள நிறங்கள் அத்துளைகளுட் புகுந்து தங்குவதால் உண்டாவது. ஆதலின் கறையின் தோற்றுவாய் நீரேயாம். செங்கற்பொடி அதனை நீக்க மாட்டாமைக்கும் காரணம் இதுவே.

ஞானப்பல் ஒழிந்த நிலைப்பற்களின் எனாமல் ஏறத்தாழ எட்டு அகவைக்குள் முதிர்ந்துவிடும். முன்பற்களுக்கு முதல் மூன்று ஆண்டுகள் பெரிதும் இன்றியமையாதவை. ஆகவே இருபது அகவை இளைஞன் ஒருவனின் முன்பல் கூறுவது அவன் இன்று குடிக்கும் நீரையன்று. தாய் மடியிலும் முற்றத்திலும் வளர்ந்த காலத்து உண்ட நீரை. முன்பல் கறைபட்டும் பன்னிரண்டாம் அகவையில் முளைக்கும் இரண்டாம் கடைவாய்ப்பல் தூயதாகவும் இருக்குமாயின், இடையில் நீர் மாறிற்று என ஊகித்தற்கு இடமுண்டு. ஒருவர் வாயிலேயே இரு காலங்கள் பதிந்திருத்தல் இவ்வாறு விளங்கும்.

எல்லாக் கறையும் புளோரைடால் வருவன அல்ல. வேறுபடுத்தி அறியும் நெறியை ரசல் என்பார் 1961-இல் வகுத்தார். புளோரைடுக் கறை வலமும் இடமும் ஒத்த பற்களில் இணையாக அமையும். பல்லின் நுனியை அடுத்து மிகுந்து காணப்படும். மெல்லிய கோடுகளாகக் குறுக்கே ஓடும். எல்லை தெரியாது இயல்பான எனாமலுள் மங்கி மறையும். அடிபட்டதாலோ பாற்பல்லின் நோயாலோ வந்த மாசு பெரும்பாலும் ஓரிரு பற்களில் மட்டும், வட்டமாகவும் எல்லை தெளிந்தும் நிற்கும். டெட்ராசைக்ளின் என்னும் மருந்தைக் குழந்தைப் பருவத்தில் உண்டதால் வரும் கறை, புறஊதாக் கதிர்பட்டால் மஞ்சளாக ஒளிரும். குடிவழியாக வரும் எனாமற் குறை பாற்பல்லையும் நிலைப்பல்லையும் ஒருங்கே பற்றும். வெற்றிலைக் காவி பல்லின் மேற்பரப்பில் நிற்றலின் மருத்துவர் சுரண்ட நீங்கும். இவ்வேறுபாடுகளை அறியாது கண்ட கறையெல்லாம் புளோரைடு என்றல், கண்ட கறையெல்லாம் ஊத்தை என்றலுக்கு ஒப்பான பிழையேயாகும்.

நோயின் கடுமையை அளக்க டிரெண்ட்லி டீன் 1934-இல் ஓர் அளவையை வகுத்து 1942-இல் திருத்தினார். இயல்பு, ஐயம், மிகக் குறைவு, குறைவு, மிதம், கடுமை என்பன அவர் கண்ட ஆறு நிலைகள். அவற்றிற்கு முறையே 0, 0.5, 1, 2, 3, 4 என மதிப்பெண் உண்டு. ஒருவர் வாயில் மிகுதியாகப் பாதிக்கப்பட்ட இரு பற்களைக் கொண்டு நிலை துணிவர். அவ்விரண்டும் ஒவ்வாவிடின் குறைந்த நிலையையே கொள்வர். டென்மார்க்கு அறிஞர்கள் தில்ஸ்ட்ரப், பெயர்ஸ்கோவ் ஆகியோர் 1978-இல் வகுத்த அளவை 0 முதல் 9 வரை விரிந்து, பல்லை உலர்த்திப் பார்த்து நுண்ணிய மாற்றங்களையும் காட்டுவது.

டீனின் அளவை ஒருவரது நிலையோடு நில்லாது ஓர் ஊரின் நிலையையும் உரைக்கும். ஊரார் அனைவர் மதிப்பெண்ணையும் கூட்டிச் சராசரி காண்பர், அது 0.6-ஐக் கடப்பின் பொதுநலச் சிக்கல் எனக் கொள்வர். எடுத்துக்காட்டாக இரு பள்ளிகளைக் கற்பித்துக் கொள்வோம். ஒவ்வொன்றிலும் 20 சிறுவர். முதற் பள்ளியில் 10 பேர் இயல்பு, 4 பேர் ஐயம், 4 பேர் மிகக் குறைவு, 2 பேர் குறைவு எனின் கூட்டு 10, சராசரி 0.5. இரண்டாம் பள்ளியில் இயல்பு 2, ஐயம் 2, மிகக் குறைவு 4, குறைவு 6, மிதம் 4, கடுமை 2 எனின் கூட்டு 37, சராசரி 1.85. பின்னைய பள்ளியின் ஆசிரியர், 'என் மாணவர் பல் துலக்குவதில்லை' என்று கூறுவாராயின் அது பொருந்துமா? அத்துணைச் சிறுவரும் ஒருசேரச் சோம்பியிருத்தல் இயல்பன்று. ஒரே கிணற்று நீரைக் குடித்தலே இயல்பு. தனி ஒருவர்மேல் ஏற்றிய பழியை ஊர்க்கிணற்றின்மேல் மாற்றியமையே இவ்வெண்ணின் பயன்.

6. ஊத்தங்கரை வட்டாரத்துப் பாறையும் நீரும்

இக்கிணற்று நீரில் புளோரைடு எங்கிருந்து வந்தது? கிருஷ்ணகிரி, தருமபுரி நிலப்பரப்பு பெரும்பாலும் நைசு, சார்னோகைட்டு முதலிய மிகப் பழைய கடும்பாறைகளால் ஆனது. ஊத்தங்கரையை அடுத்த சாமல்பட்டிப் பகுதியில் கார்பனடைட்டு என்னும் அரிய பாறை இருத்தலை நிலநூலார் கண்டுள்ளனர். இத்தகைய பாறைகளிலுள்ள பயோடைட்டு, ஹார்ன்பிளண்டு, அபடைட்டு போன்ற கனிமங்கள் புளோரைடு தாங்கியவை. பாறைப் பிளவுகளில் நெடுங்காலம் தங்கும் நீர் அதனைக் கரைத்துக் கொள்ளும். நீரில் சுண்ணச் சத்துக் குறைந்து சோடியமும் பைகார்பனேட்டும் மிகுமாயின் கரைதல் மேலும் மிகும்.

இங்கே ஓர் ஒற்றுமை கருதத்தக்கது. பல்லின் எனாமலும் அபடைட்டு இனத்துக் கனிமத்தாலேயே ஆயது. பாறையும் பல்லும் ஒரே கனிமக் குடும்பத்தன ஆதலின், பாறையினின்று நீங்கிய புளோரைடு நீர் வழியே சென்று பல்லில் இடம் பெறுகின்றது. அபடைட்டு என்னும் பெயரை 1786-இல் இட்டவர் வெர்னர் என்னும் செருமானிய அறிஞர். ஏமாற்றுதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது அது. வேறு மணிகளாகத் தோன்றிக் காண்பாரை மயக்குதலின் அப்பெயர் பெற்றது. ஊற்றின் கறை ஊத்தையின் கறையாகத் தோன்றி மயக்கிய வரலாற்றிற்கு அப்பெயர் பொருத்தமுடையதே.

நீரின் குணத்தை நம் முன்னோர் சுவையாலும் நிறத்தாலும் தெளிவாலும் அறிந்தனர். நன்னீர், உவர்நீர், கலங்கல் என்னும் பெயர்கள் அவ்வறிவின் வழி வந்தவை. புளோரைடோ, குடிநீரிற் காணப்படும் அளவில், நிறமும் மணமும் சுவையும் இல்லாதது. கண்ணுக்குத் தெளிந்த நீர் பல்லுக்குத் தீங்காதலை நாவால் அறிதல் இயலாது. இவ்வகை நீருக்குத் தனிப்பெயர் நம் வழக்கில் தோன்றாமைக்கு இதுவே காரணம் எனக் கருதுகின்றோம்.

மற்றொரு செய்தியும் உண்டு. 1970-கள் முதல் கைப்பம்பு பொருத்திய ஆழ்துளைக் கிணறுகள் இந்திய நாட்டுப்புறமெங்கும் பெருகின. படிக்கிணற்றிலும் குளத்திலும் நீர் மொண்டதால் வந்த நரம்புச் சிலந்தி நோய் ஒழிதற்கு அவை பெரிதும் உதவின; அந்நோய் இந்தியாவில் ஒழிந்தது என 2000-இல் உலக நலவாழ்வு நிறுவனம் சான்றளித்தது. கழிச்சல் நோய்களும் அவற்றாற் குறைந்தன. ஆயின் கடும்பாறை நாட்டில் ஆழத்து நீர் பாறையோடு நெடுநாள் உறவாடிய நீராதலும் உண்டு. ஒரு நோயைத் தடுத்த கிணறே மற்றொரு நோய்க்கு வாயிலாயிற்று. இதனைக் கொண்டு ஆழ்துளைக் கிணறு அமைத்தாரைப் பழித்தல் நேர்மையன்று. கிணறு தோண்டியதோடு நீரின் வேதியியலையும் சிறுவர் பல்லையும் ஒருங்கே நோக்கியிருத்தல் வேண்டும் என்பதே இதனாற் பெறப்படும் பாடம்.

வெப்பமும் கருதப்பட வேண்டும். வெப்பமிக்க நாட்டில் மக்கள் மிகுதியாக நீர் பருகுவராதலின், தக்க புளோரைடு அளவு வெப்பநிலைக்கேற்பக் குறைதல் வேண்டும் எனக் காலகனும் வெர்மில்லியனும் 1957-இல் காட்டினர். உலக நலவாழ்வு நிறுவனம் ஒரு லிட்டர் நீருக்கு 1.5 மில்லிகிராம் என வரம்பு வகுத்தது. இந்தியத் தர அளவையோ 1 மில்லிகிராமையே ஏற்புடைய அளவாகக் கொண்டு, வேறு நீர் கிடையாதவிடத்து மட்டும் 1.5 வரை இசைகின்றது. குறைந்த அளவில் புளோரைடு பற்சொத்தையைத் தடுக்கும் என்பதும் மறக்கற்பாலதன்று. நன்மையும் தீமையும் அளவினால் வேறுபடுதல் இப்பொருளின் இயல்பு.

7. ஒகேனக்கல் நீரும் இனி எழுதப்படும் சான்றும்

கறைபட்ட பல்லை மருத்துவர் ஓரளவு திருத்தலாம். மேற்பரப்பை மெல்லத் தேய்த்தும், வெளுக்கச் செய்தும், மெல்லிய ஒட்டு அணிவித்தும் தோற்றத்தைச் சீராக்குவர். ஆயினும் உருவாகி முடிந்த எனாமல் மீண்டும் உருவாகாது; ஓர் ஊர்ச் சிறுவர் அனைவர்க்கும் இம்முறைகள் எட்டுதலும் அரிது. எனவே உண்மை மருந்து, அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு நல்ல நீர் தருதலே.

அம்முயற்சி இப்பகுதியில் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டமாக உருப்பெற்றது. அதற்கு 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஜப்பான் நாட்டுக் கூட்டுறவு முகமையின் கடனுதவியுடன் சுமார் 1,928 கோடி ரூபாய்ச் செலவில் அமைந்து 2013 மே 29-இல் தொடங்கி வைக்கப்பட்டது. காவிரி நீரைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நகரங்களுக்கும் பல்லாயிரம் குடியிருப்புகளுக்கும் குழாய் வழியே கொண்டு செல்வது அது. கடனுதவி ஆவணங்களில் அதன் பெயரிலேயே புளோரோசிஸைத் தணித்தல் என்னும் நோக்கமும் இடம்பெற்றுள்ளமை குறிப்பிடத்தக்கது. புளோரோசிஸ் தடுப்புக்கான தேசியத் திட்டமும் 2008-09-இல் தொடங்கிற்று.

இத்திட்டத்தின் பயனை அளக்கும் கருவி யாது? குழாயின் நீளமும் தொட்டியின் கொள்ளளவும் செலவின் கணக்கும் பயனுக்குச் சான்றாகா. ஓக்லிச் சிற்றூரில் மெக்கே கண்ட சான்றே ஈண்டும் சான்றாகும். 2013-க்குப் பின் இவ்வட்டாரத்திற் பிறந்த குழந்தைகளுள் மூத்தோர்க்கு நிலை முன்பற்கள் முளைத்து முடிந்துவிட்டன. அவர்கள் பற்களைப் பிறந்த ஆண்டு வாரியாகப் பகுத்து, அவர்க்கு முன் பிறந்தார் பற்களோடு டீன் அளவையால் ஒப்பிட்டால், நீர் உண்மையில் மாறிற்றா என்பது புலனாகும். குழாய் நீரைக் குடித்தும் சமையலுக்கு ஆழ்துளைக் கிணற்று நீரையே கொள்ளும் வீடு இருக்குமாயின் அதனையும் குழந்தையின் பல் காட்டிவிடும். அலுவலகப் பதிவேடு மாறினும் பல் தன் பதிவை மாற்றாது.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், பற்கறை நோயை அறிந்த வரலாறு ஒழுக்கக் குறை எனப்பட்டதொன்றை நிலத்தின் இயல்பாகக் கண்ட வரலாறு என்பது போதரும். கியாயே, கொலராடோ, ஓக்லி, நெல்லூர் என இடந்தோறும் வழங்கிய கறை ஒரே பொருளால் வந்தது எனக் கண்டமை அறிவியலார் செயல். அவ்வறிவை வகுப்பறைக்கும் வீட்டு முற்றத்திற்கும் கொண்டு செல்லுதல் தமிழறிந்தார் செயலாதல் வேண்டும்.

அதற்கு ஒரு சொல் வேண்டும். புளோரோசிஸ் என்பது மருத்துவர்க்குப் போதும். தாய்க்கும் ஆசிரியர்க்கும் அது பொருள் விளக்காது. ஊத்தைப்பல் என்பதோ பொருளைத் திரித்து விளக்கும். நீரினின்று வந்தமையைச் சுட்டி 'ஊற்றுக்கறை' என வழங்கலாம் என்பது எம் கருத்து. பெயரிலேயே காரணம் நிற்றலின், அதனைக் கேட்ட பெற்றோர் குழந்தையைக் கடிவதை விட்டுக் கிணற்றை ஐயுறுவர்; பல்லைத் தேய்ப்பதை விட்டு நீரைச் சோதிக்கக் கொடுப்பர். இச்சொல்லினும் தக்கதொன்றை அறிஞர் காட்டுவாராயின் அதனை மகிழ்ந்து ஏற்போம். சொல் எதுவாயினும், தன் வாயிலுள்ள கறை தன் குற்றமன்று என ஊத்தங்கரைச் சிறுவன் ஒருவன் தன் தாய்மொழியிலேயே அறிந்து கொள்ளுதல் வேண்டும்.